தறிச் சத்தத்தில் தட்டிய கதவுகள்

பூட்டிய வீட்டைப் பார்த்தால் எனக்கு அப்படியொரு சந்தோஷம். பூட்டு இல்லாவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்குக் காது கேட்காமல் இருந்தாலும் போதும்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும். சோமனூரில், எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெருவில், மருதாசலம் அண்ணன் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நிற்கிறேன். இடது கையில் தாம்பாளத் தட்டு. தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, மேலே என் மகள் நந்தினியின் கல்யாணப் பத்திரிகை. வெயிலில் வெற்றிலை வாடத் தொடங்கியிருந்தது. நானும்தான்.

வீட்டுக்குப் பின்னால் பட்டறையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. விசைத்தறி ஓடும்போது வாசலில் இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நேரத்துக்குப் போயிருந்தேன்.

விரலை மடக்கிக் கேட்டை இரண்டு தடவை தட்டினேன். "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். அந்தக் குரல் எனக்கே கேட்கவில்லை. பத்து எண்ணிவிட்டுப் போகலாம் என்று ஆரம்பித்து ஏழிலேயே நிறுத்தினேன். பத்திரிகையை எடுத்துக் கேட்டுக் கம்பிகளுக்கு நடுவில் செருகினேன். கூடவே ஒரு பொட்டலம் குங்குமம். பிறகு விறுவிறுவென்று நடந்தேன். தெருமுனை திரும்பும்வரை யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்களோ என்று முதுகெல்லாம் கூசியது.

யாரும் கூப்பிடவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஒரு வீடு முடிந்தது.

அந்த மாதிரி நான்கு நாளில் நாற்பது வீடுகள் முடித்தேன்.

ஊசியும் தட்டும்

போன வாரம் இதே பத்தியில் நந்தினியின் நிச்சயதார்த்தம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஆர்.எஸ்.புரத்தில் நான் வேலை செய்யும் லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்த ஒரு அம்மா, "கல்யாணத்துக்கு எல்லாரையும் நீங்களே போயிக் கூப்புட்டீங்களா?" என்று கேட்டார். கையில் ஊசி இருந்தது. "கட்டை விரல உள்ள வெச்சு மடக்குங்க" என்று சொல்லித் தப்பித்தேன்.

லேபில் எனக்குப் பயமே கிடையாது. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய பெரிய மனிதர்களை, "சட்டைக் கையை மேலே ஏத்துங்க, அந்தப் பக்கம் பாருங்க" என்று அதட்டுவேன். ஊசியைக் கண்டு மயங்கி விழுந்த ஒரு மல்லனைக்கூடத் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

லேபை விட்டு வெளியே வந்தால் அந்தக் கலாமணி காணாமல் போய்விடுவாள். பஸ்ஸில் "எறங்கோணுமுங்க" என்று சத்தம் போடக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தது எத்தனையோ தடவை. விருந்தில் ரசம் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் வெறும் சோற்றோடு எழுந்திருக்கிறேன். துணிக்கடையில் ஒரு சேலையைப் பிரித்துக் காட்டிவிட்டால், பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வராது. என் பீரோவில் எனக்குப் பிடிக்காத சேலைகள்தான் அதிகம்.

இப்படியே ஐம்பது வயது வரை ஓட்டிவிட்டேன் என்றால் அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். செல்வராஜ் தறி மெக்கானிக். சோமனூரில் அவர் கை படாத தறி குறைவு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அடுப்படிவரை போய், "என்ன சாறு கொதிக்குது?" என்று கேட்கிற மனிதர். எனக்கும் சேர்த்து அவர் பேசினார். நான் அவருக்குப் பின்னால் நின்று சிரித்தால் போதும்.

கல்யாணத்துக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது அவருடைய வண்டி மணலில் சறுக்கியது. காலில் இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்துத் தைத்துக் கட்டிலில் படுக்கப் போட்டார்கள். அவருடைய செல்போனும் சில்லுச் சில்லாகிவிட்டது.

முதல் வாரம் பார்க்க வந்தவர்களால் வீடு நிறைந்தது. அப்புறம் அவரவர் தறி, அவரவர் பாடு. அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பேச ஆளில்லாமல் அவர் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

நேரில் போனால்தான் அழைப்பு

எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்பது வெறும் காகிதம். வாட்ஸப்பில் அனுப்பினால் அது சேதி. போனில் சொன்னால் தாக்கல். அழைப்பு என்றால் ஆள் வர வேண்டும். வாசல்படி தாண்டி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீராவது குடித்து, தட்டை இரண்டு கையாலும் நீட்டி, "எல்லாரும் குடும்பத்தோட வந்தரோணுமுங்க" என்று வாயால் சொல்ல வேண்டும்.

இதில் ஒன்று குறைந்தாலும் "எங்களக் கூப்புடலீங்" என்பார்கள். என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் ஒருவர், யாரோ தன்னை ரோட்டில் பார்த்துப் பத்திரிகை கொடுத்துவிட்டார்கள் என்பதற்காகப் பதினெட்டு வருஷமாக அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார். எதிரெதிர் வீடு.

கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் அழைப்பது வழக்கமில்லை. கூட வரும்படி நாத்தனாரைக் கேட்டிருக்கலாம். கேட்கவும் கூச்சமாக இருந்தது.

இந்த ஊர் ஆட்கள் வந்து நின்றால்தான் நந்தினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கோபிசெட்டிபாளையத்தில் பெரிய கூட்டம். இரண்டு பஸ் நிறைய வருவார்கள். எங்கள் பக்கம் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் அவள் மேடையிலிருந்து அதைத்தானே பார்ப்பாள்? இந்த நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் கேட்டுக்கு முன்னால் போய் நின்றால் கால் திரும்பிக்கொள்ளும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். மத்தியானம் லேபிலிருந்து வந்ததும், தறி ஓடுகிற நேரமாகப் பார்த்துப் புறப்படுவது. தட்டுவது. யாருக்கும் கேட்காது. செருகுவது. போனேன், தட்டினேன், கூப்பிட்டேன், ஆள் வரவில்லை, இது என் தப்பா? மனசாட்சிக்கு இப்படி ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

நான் சொன்ன கதைகள்

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். தலையணைக்கு அடியிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்தார். காதில் பேனா.

"மருதாசலத்தூட்டுக்குப் போனயா? என்ன சொன்னான்?"

செருகிவிட்டு ஓடி வந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து இதற்காகவே காத்திருந்த முகம்.

"அண்ணன் பட்டறையில இருந்தாருங்க. பூங்கொடியக்காதான் முறுக்கு குடுத்தாங்க."

"அவன் பொண்டாட்டி முறுக்கு கல்லாட்டல்ல இருக்கும்!" என்று சிரித்தார். பட்டியலில் ஒரு டிக் போட்டார். "அப்பறம்?"

அப்புறம் என்ன, கதை கதையாக வந்தது. ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மருமகளுக்கு இது ஏழாவது மாசம். வாயே திறக்கத் தெரியாதவளுக்கு இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். அடுத்தவர்கள் பேசியதாகச் சொல்லும்போது எனக்குக் கூச்சமே இல்லை.

மூன்றாம் நாள் ராமாத்தாக்கா வீடு. பத்துத் தறிகளைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிற அம்மா. என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக அவர்கள் தறிகளைச் சரி செய்கிறார். ஒரு நாள்கூட அவர் வேலையை நல்லாயிருக்கிறது என்று சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்கும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அது அவருக்கு உள்ளூர ஒரு வெசனம். வாய் விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

"ராமாத்தாக்கா என்ன சொல்லுச்சு?"

"உங்க கால் எப்படி இருக்குதுன்னு கேட்டாங்க. கேக்கறப்பவே அவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க."

 அவர் டிக் போட மறந்துவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, "அக்கா அப்படிக் கேக்கற ஆளே இல்லயே" என்றார். 

பொய் சொன்னது உறுத்தியது. ஆனாலும், அவருக்கு நல்லது செய்துவிட்ட மாதிரியும் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கல் வைத்த பத்திரிகை

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் என் அப்பாதான் நினைவுக்கு வருகிறார்.

நாங்கள் கோபிப் பக்கம். அப்பா ஒரு பண்ணையில் கூலி வேலை. வாழைக்கு மண் அணைப்பது, நெல்லுக்குத் தண்ணீர் கட்டுவது. பண்ணைக்காரர் வீட்டுக்கு ஒரு பெரிய பச்சைக் கேட் உண்டு. அது எப்போதும் திறந்தேதான் கிடக்கும். ஆனால் அப்பா அதற்கு வெளியே நிற்பார். முதலில் தொண்டையைக் கனைப்பார். அப்புறம், "ஏனுங்க" என்பார். உள்ளே கேட்டதோ இல்லையோ, இன்னொரு தடவை கூப்பிட மாட்டார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன்.

நான் விடுதியில் தங்கிப் படித்து, லேப் படிப்பு முடித்து, ஊசி பிடித்துச் சம்பளம் வாங்கிய பிறகு எனக்குக் கல்யாணம் வந்தது. அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு பண்ணைக்காரரை அழைக்கப் போனார். துணைக்கு நான். கல்யாணப் பெண் போகக்கூடாதுதான். தட்டு பிடிக்க வேறு ஆள் இல்லை.

அதே பச்சைக் கேட். அதே கனைப்பு. "ஏனுங்க." ஒரு தடவைதான். உள்ளே ஆட்கள் பேசுகிற சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. அப்பா வெகு நேரம் நின்றார். பிறகு பத்திரிகையை எடுத்துக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொன்னார் தெரியுமா? "பெரியவரு வாரேன்னு சொல்லீட்டாரு."

நான் பக்கத்தில்தான் நின்றேன்.  கல்யாணத்தன்று அம்மா முன்வரிசையில் ஒரு நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. தாலி கட்டும்போது நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடு செய்த வேலை

ஐந்தாம் நாள் காலையில் மருதாசலம் அண்ணனே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே நான் அடுப்படிக்குள் போய்க் காப்பிக்குப் பால் வைத்தேன்.

"ஏப்பா செல்வராஜு, உம்பட புள்ள கல்யாணத்துக்கு எங்களக் கூப்படறதா இல்லயா?"

"ஏண்டா, கலா வந்து கூப்புட்டுப் போட்டு, முறுக்குத் தின்னுபோட்டுல்ல வந்தா?"

"முறுக்கா? கேட்டுல காய்தத்தச் சொருகிப்போட்டுப் போனாக் கூப்புட்டதா ஆகுமா? அதையும் எங்கூட்டு ஆடு தின்னுபோட்டுது. மிச்சத்துல நந்தினி பேரு பாதி இருந்துது. அத வெச்சுத்தான் நானே கண்டுபுடிச்சேன்."

மருதாசலம் அண்ணன் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார். நான் கொண்டுவந்த டம்ளரோடு கதவோரம் நின்றேன்.

என் வீட்டுக்காரர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டியலை எடுத்து மடியில் விரித்து, ஒவ்வொரு டிக்காகப் பார்த்தார். நாற்பது டிக்.

"எல்லாமேவா?"

தலையாட்டினேன்.

"ராமாத்தாக்கா?"

"இல்லீங்க."

"காலப் பத்திக் கேட்டதும் இல்லயா?"

"இல்லீங்க. நான்தான்..."

பட்டியலை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். அன்றைக்கு முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் நந்தினியைக் கூப்பிட்டார். இருபத்தாறு வருஷத்தில் எங்களுக்குள் எத்தனையோ சண்டை. இப்படி ஒரு மௌனம் வந்ததில்லை. இந்த மனிதரும் இனி எனக்கு அந்நிய வீடு மாதிரி ஆகிவிடுவாரோ என்று பயந்துபோனேன். அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன்.

மறுநாள் விடியும்போது சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னிக்கு ஷட்டவுன். கரண்டு சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வரும். தறி ஓடாது. எல்லாரும் ஊட்டுலதான் இருப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னார்.

சத்தமில்லாத ஊர்

லேபுக்கு லீவு சொன்னேன். தட்டைத் துடைத்தேன். புது வெற்றிலை வைத்தேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

சோமனூரில் குடியிருப்பவர்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழுவதே இல்லை. அது நின்றால்தான் தெரியும். அன்றைக்குத் தெருவில் காக்கை கத்துவது கேட்டது. யாரோ வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. என் கொலுசுச் சத்தம் எனக்கே கேட்டது. டிவி இல்லை, ஃபேன் இல்லை. புழுக்கம் தாங்காமல் ஊரே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. நான் தட்டோடு நடந்து வருவதை எல்லோரும் பார்த்தார்கள். ஓடி ஒளிய ஒரு சத்தமும் இல்லை.

 மருதாசலம் அண்ணன் கேட்டைத் தொட்டபோது உள்ளங்கை வேர்வையில் தட்டு வழுக்கியது. உள்ளே போனேன். சொல்வதற்கென்று மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், நிஜம்தான் வாயில் வந்தது.

"அண்ணா, அன்னிக்குச் சொருகிப்போட்டு ஓடிட்டனுங்க. பயமுங்க."

"என்னப் பாத்தா?"

"ஆளுகளப் பாத்தாவே பயமுங்க."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன மாசம் என்ற கையில அவ்வளவு பெரிய ஊசியக் குத்துனயே, அப்பப் பயமில்லயா?"

பூங்கொடியக்கா உள்ளேயிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. வந்து தட்டை வாங்கிக்கொண்டார். "உக்காரு கண்ணு" என்று முறுக்குக் கொடுத்தார். கல்லாட்டம்தான் இருந்தது. தின்றேன்.

அதற்காக எல்லா வீடும் அப்படி அமைந்துவிடவில்லை. நாச்சிமுத்து ஐயா தட்டைத் தொடவே இல்லை. "எங்கூட்டுக்கு வாசப்படி இல்லயா அம்மணி, கேட்டுல சொருகறதுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நடு வாசலில், பக்கத்து வீடுகள் பார்க்க, நீட்டிய கையோடு நின்றேன். தட்டு சாய்ந்து குங்குமம் வெற்றிலைமேல் சிந்தியது. செத்துப்போய்விடலாம் போல இருந்தது. பிறகு அடுத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் என்ன செய்ய?

மூலை வீட்டு ஜெயந்தி என்னைவிட இரண்டு வயது சின்னவள். கேட்டைத் திறந்ததும் அவளுக்குத்தான் முகம் வெளுத்தது.

"கலாக்கா, மன்னிச்சுக்கோணுமுங்க. நீங்க அன்னிக்கு வந்தது எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"ஜன்னல்ல பாத்தனுங்க. ஊட்டுல வேற யாரும் இல்ல. வந்தா என்ன பேசறதுன்னு பயந்து கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். நீங்க எப்பப் போவீங்கன்னு சாமியக் கும்புட்டுக்கிட்டிருந்தேன்."

நான் கேட்டுக்கு வெளியே ஏழு வரை எண்ணிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒருத்தி சாமி கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஜெயந்தி மோர் கொடுத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன். இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன்.

கடைசி வீடு

ராமாத்தாக்கா வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தள்ளித் தள்ளி வைத்தேன் என்பதுதான் நிஜம். போய்ச் சேரும்போது நாலரை மணி.

கேட்டுக்குள் கை நீட்டித் தாழ்ப்பாளைத் தொட்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது. அரை மணி முன்னதாக. அந்தத் தெரு முழுக்கத் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்றன. அக்காவின் பட்டறையிலும் ஓடத் தொடங்கின. ஒரு நிமிஷத்தில் ஊர் பழையபடி ஆகிவிட்டது.

நான் அப்படியே நின்றேன். தட்டினால் கேட்காது. கூப்பிட்டால் கேட்காது. கம்பிகளுக்கு நடுவில் பத்திரிகை நுழையும் இடம் எனக்குத் தெரியும். மற்ற எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்கியாகிவிட்டது. இந்த ஒரு வீடு போனால் யார் கேட்கப் போகிறார்கள்? பத்திரிகையை எடுத்தேன். பாதி செருகியும்விட்டேன்.

கேட்டு ஓரத்தில் முட்டுக் கொடுக்க வைத்திருந்த ஒரு கல் கிடந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவின் புது வேட்டி ஞாபகம் வந்தது. கல்லை வைத்துவிட்டு அவர் கையைத் தட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அப்பாமேல் இல்லை. யார்மேல் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பத்திரிகையை உருவிக்கொண்டு உள்ளே போனேன். வீட்டுக்குள் யாரும் இல்லை. பக்கவாட்டில் நடந்து பட்டறை வாசலுக்குப் போனேன். தறி மெக்கானிக்கின் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் இருந்தும் நான் ஒரு பட்டறைக்குள்ளும் கால் வைத்ததில்லை. எண்ணெய் வாசம். பஞ்சுத் தூசி. தரை அதிர்ந்தது, பல் அதிர்ந்தது. இரண்டு வரிசைத் தறிகளுக்கு நடுவில், அந்தக் கோடியில், அக்கா அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா!" என்று கத்தினேன்.

கேட்கவில்லை.

"ஏனுங்க்கா!" இன்னொரு தடவை. என் அப்பா கூப்பிடாத இரண்டாவது தடவை.

அதுவும் கேட்கவில்லை. நடுவில் நடந்து போய் அவர் தோளைத் தொட்டேன். திரும்பினார். முகத்தில் வாங்க என்றும் இல்லை, போ என்றும் இல்லை. அவர் காதோரம் வாயை வைத்து, "நந்தினிக்குக் கல்யாணமுங்க! எல்லாரும் வந்தரோணுமுங்க!" என்று கத்தினேன். தொண்டை எரிந்தது.

அக்கா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். பத்திரிகையை எடுத்துக்கொண்டு, தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் தன் முழங்காலை இரண்டு தடவை தட்டினார். கையை மலர்த்தி, மணிக்கட்டைத் திருப்பினார். தறிக்காரர்கள் இரைச்சலில் கையால்தான் பேசுவார்கள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் புரிந்துவிட்டது. கால் எப்படியிருக்கிறது?

கண்ணில் தண்ணீர் எதுவும் இல்லை. சும்மா கேட்டார், அவ்வளவுதான். நான் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெல்ல மேலே தூக்கிக் காட்டினேன். எழுந்துகொண்டிருக்கிறார். அக்கா தலையாட்டிவிட்டு நூலுக்குத் திரும்பினார்.

வீட்டுக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். அவர் உட்கார்ந்திருந்தார். பட்டியல் மடியில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நாச்சிமுத்து ஐயா தட்டைத் தொடாததைச் சொன்னேன். ஜெயந்தி கதவுக்குப் பின்னால் நின்றதைச் சொன்னேன். அதற்கு லேசாகச் சிரித்தார். ஒவ்வொன்றுக்கும் பழைய டிக்கின் பக்கத்தில் புது டிக் போட்டார்.

"ராமாத்தாக்கா உங்க காலப் பத்திக் கேட்டாங்க."

பேனா நின்றது.

"போதும் கலா."

"நெசமாலுமேங்க. கையில கேட்டாங்க. இப்படி."

தட்டிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. "வேண்டாம் உடு" என்றார். அன்றைக்கு நான் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஏற்கெனவே ஒரு தடவை அதைச் சொல்லிக் கெடுத்து வைத்தவள் நான்தானே?

மேளச் சத்தத்தில்

கல்யாணத்தன்று அவரைச் சக்கர நாற்காலியில் மண்டபத்து முன்வரிசை ஓரமாக உட்கார வைத்தோம். வாசலில் நின்று ஆட்களை வரவேற்க அவரால் முடியாது. நான்தான் நின்றேன்.  முகம் தெரியாத ஒறம்பறைகள் ஒவ்வொருவராகப் படியேறும்போது, இவர்கள் எந்த வகை உறவு, என்ன முறை சொல்வது என்று மனசு தடதடவென்று அடித்தது. இப்போதும் அடிக்கிறது. தைரியசாலி ஆகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அது பொய்யாகிவிடும். பொய் போதும்.

எங்கள் பக்கத்து நாற்காலிகள் ஏறக்குறைய நிறைந்தன. ஜெயந்தி வந்து கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நாச்சிமுத்து ஐயா வரவில்லை. அவருக்காக நான் நாற்காலி எதுவும் பிடித்து வைக்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முன்னால் மேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது ராமாத்தாக்கா வந்தார். தலையில் பஞ்சுத் தூசி இருந்தது. நேராகத் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். என்னைத் தாண்டி உள்ளே போனவர், பாதி மண்டபத்தில் நின்று என் வீட்டுக்காரரைப் பார்த்தார். மேளச் சத்தத்தில் எதைப் பேசினாலும் கேட்காது.

தன் முழங்காலை இரண்டு தடவை தட்டினார். கையை மலர்த்தித் திருப்பினார்.

என் வீட்டுக்காரரின் கை தன்னால் எழுந்து பதில் சொன்னது. இருபது வருஷப் பழக்கம். உள்ளங்கை தட்டையாக, மெல்ல மேலே. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. கை அப்படியே நின்றது.

திரும்பினார். மண்டபம் முழுக்க என்னைத் தேடினார். வாசலில் என்னைக் கண்டதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. தன் முழங்காலை இரண்டு தடவை தட்டிக் காட்டினார்.

நான் தலையாட்டினேன். ஆமாங்க, நெசந்தாங்க.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டு இரண்டாவது பஸ் வந்து நின்றது. ஒருவரையும் எனக்குத் தெரியாது. படியிறங்கிப் போய், மேளத்தை மீறிக் கேட்கிற மாதிரி, "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டேன்.